கூட்டுப் பண்ணைக்குப் பின்புறம் ஒரு கொல்லை

சோவியத் ஒன்றியத்தில் நிலம் முழுவதும் அரசுடைமை. எந்தப் பண்ணை எதை விதைக்க வேண்டும், எவ்வளவு ஒப்படைக்க வேண்டும், என்ன விலைக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் மேலிடத்தில் முடிவாகி ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. அப்படிப்பட்ட நாட்டில் கிராமத்துக் குடும்பங்கள் வீட்டை ஒட்டிய துண்டு நிலத்தில் தம் விருப்பப்படி பயிர் வைத்தன. சாப்பாட்டுக்குப் போக மிஞ்சியதைச் சந்தையில் கேட்ட விலைக்கு விற்றுக் காசு பார்த்தன. அந்தக் கொல்லைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் நாட்டின் விதைப்புப் பரப்பில் சுமார் 3 சதவீதம்தான் தேறும். ஆனால் 1960களிலும் 70களிலும் மொத்த வேளாண் உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு அவற்றிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கில் பாதிக்கு மேல். அரசால் கொல்லையை மனமார ஏற்கவும் முடியவில்லை, ஒழித்துக்கட்டவும் முடியவில்லை. அறுபது ஆண்டுகள் நீடித்த அந்த இழுபறிதான் அதன் வரலாறு.

வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி, அதற்கு அப்பால் குளியல் கொட்டகை, பக்கவாட்டில் தொழுவம் என்பது ரஷ்யக் கிராமத்தின் பழைய அமைப்பு. ஜார் காலத்தில் பெரும்பாலான ரஷ்ய மாகாணங்களில் வயல் நிலம் ஊருக்குப் பொது. குடும்பத்து ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஊர்மன்றம் அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபங்கீடு செய்யும். ஒருவர் எருவிட்டுப் பண்படுத்திய வயல் அடுத்த பங்கீட்டில் வேறொருவர் கைக்குப் போகலாம். கொல்லை மட்டும் அந்தப் பங்கீட்டில் சேராமல் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்திடமே இருந்தது. ஆகவே சாணமும் உழைப்பும் தயக்கமின்றி அங்கே போயின.

சில ஊர்கள் கொல்லைப் பயிரையே தொழிலாக வளர்த்துக்கொண்டன. யாரஸ்லாவ்ல் மாகாணத்து ரஸ்தோவில், நீரோ ஏரியின் வண்டலை எருவாக இட்டு வெங்காயமும் சிக்கரியும் பட்டாணியும் விளைவித்தார்கள். அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ ஓரங்களில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டு, நகரத்துச் சமையலறைகளுக்குக் கொடுத்தார்கள். விளாதிமிர் மாகாணத்து மூரமும் உக்ரைனின் நெஷினும் வெள்ளரிக்குப் பேர்போனவை. கொல்லையில் காசு பார்ப்பது சோவியத் காலத்தில் பிறந்த வழக்கமல்ல. அதுவரை பக்க வருமானமாக இருந்ததைக் குடும்பத்தின் முதன்மையான ரொக்க வரவாக மாற்றியதுதான் சோவியத் காலம் செய்தது.

1929 இறுதியில் கூட்டுப்பண்ணை இயக்கம் முடுக்கிவிடப்பட்டபோது உழவரின் குதிரையும் கலப்பையும் பொதுவில் போயின. ஆர்வக்கோளாறு கொண்ட உள்ளூர் நிர்வாகிகள் அதோடு நிற்கவில்லை. மாடு, ஆடு, கோழி வரை பிடித்துக்கொண்டு போனார்கள். பொதுத் தொழுவத்துக்குக் கொடுப்பதைவிட அறுத்துத் தின்பதே மேல் என்று குடும்பங்கள் முடிவுசெய்தன. அரசின் கணக்குப்படியே 1929இல் 6.8 கோடியாக இருந்த மாட்டினம் 1933இல் 3.9 கோடிக்கும் கீழே இறங்கியது. பல ஊர்களில் பெண்கள் திரண்டு பொதுத் தொழுவத்தில் புகுந்து தங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். மாட்டைத் தொட்டபோது எதிர்ப்பு இப்படி எழுந்ததில் வியப்பில்லை. குழந்தைக்குப் பால் அதிலிருந்துதான் வந்தது.

1930 மார்ச் 2 அன்று கட்சி நாளிதழான பிராவ்தாவில் ஸ்டாலின் எழுதிய கட்டுரை, வெற்றி தலைக்கேறிவிட்டது என்று கீழ்மட்ட நிர்வாகிகள்மீது பழியைப் போட்டது. அதே நாளில் வெளியான பண்ணை விதிமுறை, வீட்டை ஒட்டிய தோட்டத்தையும் ஒரு மாட்டையும் குடும்பத்துக்கே விட்டது. நெருக்கடியில் பிறந்த சலுகை அது. 1932 மே மாதம் அடுத்த சலுகை வந்தது: அரசுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு, பண்ணைகளும் பண்ணையாட்களும் மிச்சத்தை நகரச் சந்தைகளில் சந்தை விலைக்கு விற்கலாம். 1932–33இன் பெரும் பஞ்சத்தில் உக்ரைன், கஸக்ஸ்தான், வோல்கா பகுதிகளில் பல பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதன் பிறகு அந்தச் சந்தையை மூடும் துணிவு யாருக்கும் வரவில்லை.

கொல்லைக்கு முறையான சட்டத் தகுதி 1935 பிப்ரவரி 17இல் ஏற்கப்பட்ட மாதிரி விதிமுறையில் கிடைத்தது. குடும்பத்துக்குக் கால் ஹெக்டேர் முதல் அரை ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 60 சென்ட் முதல் ஒன்றேகால் ஏக்கர் வரை நிலம். சில வட்டாரங்களில் மட்டும் ஒரு ஹெக்டேர். தானியம் விளையும் பகுதிகளில் ஒரு மாடு, இரண்டு கன்று, குட்டிகளோடு ஒரு பெண் பன்றி, ஆடுகள் பத்து வரை, தேன் பெட்டி இருபது வரை வைத்துக்கொள்ளலாம். கோழிக்கும் முயலுக்கும் வரம்பில்லை. நிலத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. கூலிக்கு ஆள் வைக்கவும் கூடாது. பண்ணையில் உறுப்பினராக இருக்கும்வரைதான் கொல்லை. அந்தக் கடைசி நிபந்தனையில்தான் அரசின் பிடி இருந்தது.

பண்ணையில் கூலி எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால் கொல்லையின் அருமை புரியும். செய்த வேலை ‘உழைப்பு நாள்’ என்ற அலகில் ஏட்டில் ஏறும். கடினமான வேலைக்கு ஒரு பகலிலேயே இரண்டு நாள் எழுதலாம். எளிய வேலைக்கு அரைநாள். அந்த அலகுக்கு என்ன கிடைக்கும் என்பது வேலை செய்யும்போது தெரியாது. அறுவடை முடிந்து, அரசின் பங்கு போய், உழுது கொடுத்த அரசு டிராக்டர் நிலையத்தின் பங்கு போய், விதைக்கு எடுத்துவைத்து, எஞ்சியதை உழைப்பு நாட்களின் மொத்தத்தால் வகுத்தால் வருவதுதான் கூலி. பெரும்பாலும் தானியமாக வரும், ரொக்கம் சொற்பம். மோசமான ஆண்டுகளில் பல பண்ணைகள் ஒரு ரூபிள்கூடக் கொடுக்கவில்லை. உப்பு, மண்ணெண்ணெய், பூட்ஸ், பிள்ளைகளின் நோட்டு எல்லாவற்றுக்கும் காசு கொல்லையிலிருந்துதான் வர வேண்டும். 1940இல் பண்ணைக் குடும்பத்தின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய பாதி கொல்லை தந்தது. ரொக்க வரவை மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் பங்கு இன்னும் பெரிது. ஆக, பண்ணையாளுக்குச் சேர வேண்டிய கூலியின் ஒரு பகுதியைக் கொல்லையின் தலையில் கட்டிவிட்டு அரசு மலிவாகத் தானியம் எடுத்தது. கொல்லையை முதலாளித்துவத்தின் எச்சம் என்று பிரசுரங்கள் ஏசின. உண்மையில் அந்தப் பண்ணை முறையே கொல்லையின் தயவில் நின்றது.

கொல்லை வேலை பெரும்பாலும் பெண்களுடையது, அடுத்தபடியாகக் கிழவர்களுடையது. பண்ணை வேலைக்கு முன் விடியலிலும் முடித்துவிட்டு அந்தியிலும் பாத்தி கொத்துவது, மாடு கறப்பது, களை பிடுங்குவது எல்லாம் நடந்தன. உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பீட்ரூட், வெங்காயம், பூண்டு, வெள்ளரி ஆகியவை நடுரஷ்யாவின் வாடிக்கையான பயிர்கள். விற்பனைக்குப் பச்சைக் காய் மட்டும் போகவில்லை. உப்புநீரில் புளிக்க வைத்த முட்டைக்கோசும் வெள்ளரியும், பாலிலிருந்து தயிர்க்கட்டியும் புளிப்பு ஏடும், காயவைத்த காளானும் குளிர்காலம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. பனி மூடிய ஆறு மாதத்திலும் காசு புரண்டது இவற்றால்தான்.

நகரத்துக் கூட்டுப்பண்ணைச் சந்தைக்கு அதற்கென்று ஒழுங்குகள் இருந்தன. விற்க வந்தவர் அன்றைய இடவாடகையைக் கட்டி, தராசையும் வெள்ளை மேலாடையையும் சந்தை நிர்வாகத்திடம் வாடகைக்கு எடுப்பார். பாலும் இறைச்சியும் அங்கேயே இருக்கும் பரிசோதனைக் கூடத்தில் தேறிய பிறகுதான் மேசைக்கு வரும். தன் நிலத்தில் விளைந்தது என்று கிராம சோவியத் கொடுத்த சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். சொந்த விளைச்சலை எந்த விலைக்கும் விற்கலாம். அடுத்தவர் விளைச்சலை வாங்கி லாபத்துக்கு விற்றால் குற்றம். 1960ஆம் ஆண்டின் ரஷ்யக் குற்றவியல் சட்டம் 154ஆம் பிரிவில் அதற்குச் சிறைத்தண்டனை வைத்தது. அதனால் இடைத்தரகர் என்ற ஆள் சட்டப்படி இல்லை. ஒரு வாளி ஆப்பிளை விற்க ஒரு கிழவி ரயிலேறி வந்து நாள் முழுக்க நிற்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தனுப்பிய முட்டையைத் தன் முட்டையோடு சேர்த்து விற்றாலும் விசாரணை வரலாம். அரசுக் கடையைவிடச் சந்தையில் விலை கூடுதல். ஆனால் கடையில் பலகை காலியாக இருக்கும். சந்தையில் பொருள் இருக்கும்.

கொல்லை வருமானம் கூடக்கூட, பண்ணை வேலைக்கு ஆள் வருவது குறைந்தது. 1939 மே மாதம் ஓர் ஆணை வந்தது. கொல்லைகள் அளந்து பார்க்கப்பட்டு, வரம்புக்கு மேற்பட்டவை வெட்டிப் பண்ணையோடு சேர்க்கப்பட்டன. உடல்திறன் உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 60, 80 அல்லது 100 உழைப்பு நாள் பண்ணைக்குத் தர வேண்டும். எந்த எண் என்பது வட்டாரத்தைப் பொறுத்தது. தவறினால் உறுப்பினர் உரிமையும் அதோடு கொல்லையும் போகும்.

போர் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. 1942 ஏப்ரலில் நகரத் தொழிலாளருக்கும் ஊழியருக்கும் தோட்டம் போட நிலம் ஒதுக்க ஆணையிடப்பட்டது. 1944இல் அப்படித் தோட்டம் போட்டவர்கள் 1.65 கோடிப் பேர். முற்றுகைக்குள் கிடந்த லெனின்கிராடில் புனித ஐசக் பேராலயத்தின் முன்சதுக்கத்தில் முட்டைக்கோசு விளைந்தது. கிராமத்துச் சந்தை விலை விண்ணைத் தொட்டதால் சில பண்ணைக் குடும்பங்களிடம் முதல்முறையாக நோட்டு சேர்ந்தது. அது நிலைக்கவில்லை. 1947 டிசம்பர் நாணயச் சீர்திருத்தத்தில் வீட்டில் வைத்திருந்த பழைய பத்து ரூபிளுக்குப் புதிய ஒரு ரூபிள்தான் கிடைத்தது. சேமிப்பு வங்கியில் போட்டிருந்தவர்களுக்கு மூவாயிரம் வரை முழு மதிப்பு. கிராமத்தவர் வங்கியில் போடும் வழக்கம் இல்லாதவர்கள். எனவே அடி அவர்கள்மீதே விழுந்தது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளே கொல்லைக்கு மிகக் கொடிய காலம். 1939இலிருந்தே கொல்லைமீதான வரி, உண்மையில் வந்த வருமானத்தின் மேல் போடப்படவில்லை. இத்தனை சதுர மீட்டர் உருளைக்கிழங்கிலிருந்து இவ்வளவு வரும், ஒரு மாட்டிலிருந்து இவ்வளவு வரும் என்று அரசு முன்கூட்டியே ஒரு தொகையை எழுதிவைத்து அதன் மேல் வரி விதித்தது. 1948இலும் அதற்குப் பிறகும் அந்தத் தொகைகள் ஏற்றப்பட்டன. இது போதாதென்று கட்டாய ஒப்படைப்பு வேறு: பால், இறைச்சி, முட்டை, கம்பளி. பல வட்டாரங்களில் ஆண்டுக்கு 40 கிலோ இறைச்சி கொடுத்தாக வேண்டும். வீட்டில் கோழி இல்லை என்பது முட்டை கொடுக்காததற்குக் காரணமாக ஏற்கப்படவில்லை. கடையில் வாங்கியாவது கொடுக்க வேண்டும். பழத்தோட்டத்துக்குக் கூடுதல் வருமானம் கணக்கிடப்பட்டதால் ஆப்பிள் மரங்களையும் செர்ரி மரங்களையும் மக்கள் வெட்டிச் சாய்த்தார்கள். வரிக்குப் பயந்து தன் உறவுக்காரப் பெண் ஒருத்தியே ஆப்பிள் மரங்களை வெட்டப்போவதாகச் சொன்னதை நிகிதா குருஷ்சேவ் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் பதிவுசெய்தார். வருமானத்தைப் பெருக்க ஒரு மரத்தை நட்டவன் அதே வருமானத்துக்கு அஞ்சி அதை வெட்டும் நிலை, வரிக்கொள்கை ஒன்றின் மீது எழுதக்கூடிய மிக மோசமான தீர்ப்பு.

ஸ்டாலின் மறைந்து ஐந்தே மாதத்தில், 1953 ஆகஸ்டில், பிரதமர் கியோர்கி மாலென்கோவ் நாடாளுமன்றமான உச்ச சோவியத்தில் வரிக்குறைப்பை அறிவித்தார். மாட்டுக்கும் மரத்துக்கும் தனித்தனியே கணக்குப் போடும் முறை ஒழிந்து, நிலப்பரப்பை மட்டும் வைத்து வரி என்றானது. பழைய நிலுவை தள்ளுபடியானது. மாலென்கோவ் ஆட்சியில் நீடித்தது சொற்ப காலமே என்றாலும் கிராமத்தில் அவர் பெயர் நெடுநாள் நன்றியோடு நினைக்கப்பட்டது. 1958 ஜனவரியிலிருந்து, குருஷ்சேவ் தலைமையில், கொல்லைகளின் கட்டாய ஒப்படைப்பும் நீக்கப்பட்டது.

நீக்கிய அதே குருஷ்சேவ் அடுத்த ஆண்டே கொல்லைமீது பாய்ந்தார். பொதுப்பண்ணை வளர்ந்துவிட்டால் தனி மாடு தேவைப்படாது, மக்களே விரும்பிக் கொடுத்துவிடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. அவர் பிறந்த ஊரான கூர்ஸ்க் பகுதியின் கலினோவ்காவில் அனைவரும் மாட்டைப் பண்ணைக்கு விற்றுவிட்டுப் பாலைப் பண்ணையிலேயே வாங்கிக்கொள்கிறார்கள் என்று 1958 டிசம்பரில் கட்சிக் கூட்டத்தில் முன்மாதிரியாகச் சொன்னார். தலைவரின் சொந்த ஊர் எடுத்துக்காட்டாகிவிட்டால் மற்ற ஊர்களில் ‘விருப்பம்’ எப்படிப் பெறப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1959இல் ரஷ்யக் குடியரசின் நகரங்களில் கால்நடை வைக்கத் தடை வந்தது. அதே ஆண்டு ரியஸான் வட்டாரக் கட்சிச் செயலாளர் அலெக்ஸி லாரியோனோவ், இறைச்சி ஒப்படைப்பை ஒரே ஆண்டில் மூன்று மடங்காக்குவதாக உறுதி கொடுத்தார். பண்ணை மந்தை போதாமல் கொல்லைத் தொழுவத்து மாடுகளும் வாரிக்கொண்டு போகப்பட்டன. அவருக்குச் சோஷலிச உழைப்பு வீரர் பட்டம் கிடைத்தது; அடுத்த ஆண்டு ரியஸானில் அறுக்க மாடு இல்லை. மோசடி வெளிப்பட்டு 1960 செப்டம்பரில் அவர் இறந்தார். தற்கொலை என்றே பரவலாகக் கருதப்படுகிறது. 1962 ஜூனில் அரசு இறைச்சி விலையை 30 சதவீதமும் வெண்ணெய் விலையை 25 சதவீதமும் ஏற்றியது. நோவோசெர்காஸ்க் நகரில் கொதித்தெழுந்த தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கொல்லைகளை நெருக்கியது மட்டுமே தட்டுப்பாட்டுக்குக் காரணமல்ல. ஆனால் நகரத்துக்கு வந்துகொண்டிருந்த பாலிலும் இறைச்சியிலும் ஒரு பெரும் பகுதியைத் தன் கையாலேயே அடைத்த பிறகுதான் அரசு அந்தத் தட்டுப்பாட்டைச் சந்தித்தது.

1964 அக்டோபர் 14இல் குருஷ்சேவ் பதவி இழந்தார். இரண்டு வாரத்துக்குள் புதிய தலைமை கொல்லைகள்மீதான ‘நியாயமற்ற’ கட்டுப்பாடுகளை நீக்கியது. பிரெஷ்னெவ் காலத்தில் இந்தத் தளர்வு நிலைபெற்றது. 1977ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 13ஆவது பிரிவிலேயே துணை வேளாண்மைக்கு இடம் கிடைத்தது. இதற்குள் கொல்லையின் பங்கு குறையவும் தொடங்கியிருந்தது. 1966இல் பண்ணையாட்களுக்கு உறுதியான மாதக்கூலி வந்த பிறகு, பண்ணைக் குடும்ப வருமானத்தில் கொல்லையின் பங்கு 1970வாக்கில் மூன்றில் ஒன்றாகவும் 1980களில் கால் பங்காகவும் இறங்கியது. கூலி ஒழுங்காக வந்தால் கொல்லையில் முதுகு வளைய யாரும் ஆசைப்படவில்லை.

பெரும்பணம் பார்த்தவர்கள் தெற்கத்தியர். ஜார்ஜியாவின் மாண்டரின் ஆரஞ்சும் மத்திய ஆசியாவின் முலாம்பழமும், மார்ச் 8 மகளிர் நாளுக்கு முன் கருங்கடற்கரையின் மஞ்சள் மிமோசாப் பூவும் வடக்கு நகரங்களில் பல மடங்கு விலைக்குப் போயின. விமானக் கட்டணம் அரசு மானியத்தில் மலிவாக இருந்ததால் இரண்டு பெட்டி நிறையப் பழத்தோடு மாஸ்கோவுக்குப் பறந்து வந்து விற்றுவிட்டுத் திரும்பினாலும் லாபம் நின்றது. இதைப் பார்த்து நகரத்தார் முணுமுணுத்தார்கள், வாங்கவும் செய்தார்கள்.

3 சதவீத நிலத்தில் கால் பங்கு உற்பத்தி என்ற கணக்கை மேற்கத்திய எழுத்தாளர்கள் தனியுடைமையின் வெற்றி என்று கொண்டாடினார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கொல்லையில் விளைந்தவை கோதுமை போன்ற மலிவான தானியங்கள் அல்ல. விலை கூடிய காய்கறியும் பாலும் முட்டையும். மாடு மேய்ந்தது பண்ணையின் புல்வெளியில். வைக்கோலும் தீவனமும் கூலியாகவோ களவாகவோ பண்ணையிலிருந்து வந்தன. கடையில் ரொட்டி அடக்க விலைக்கும் கீழே விற்றதால் அதையே வாங்கிப் பன்றிக்குப் போடுவது வழக்கமானது. 1956இல் நகரங்களில் அதைத் தடைசெய்ய வேண்டியிருந்தது. இந்த மறைமுக வரவுகளைக் கழித்த பிறகும் கொல்லையில் கிடைத்த விளைச்சல் அதிகம்தான். அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது, கணக்கில் ஏறாத பெண்களின் உழைப்பு நேரம்.

நகரத்துக்காரருக்கான தோட்டத்தின் கதை வேறு. 1949 பிப்ரவரி ஆணைப்படி தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் தங்கள் ஆட்களுக்கு நகர ஓரத்தில் தோட்டநிலம் ஒதுக்கின. பரவலாக 600 சதுர மீட்டர், அதாவது 15 சென்டுக்குச் சற்றுக் குறைவு. மேலே சிறு குடில் கட்டலாம். அதன் பரப்புக்குக் கடுமையான வரம்பு உண்டு. இங்கே விளைந்தது பெரும்பாலும் சொந்த ஜாடிகளுக்குள் ஜாமாகவும் ஊறுகாயாகவும் போயிற்று. வார இறுதியில் மிஞ்சிய ஸ்ட்ராபெரியையும் பூங்கொத்தையும் ரயில் நிலைய வாசலில் விற்றுச் செலவுக்குக் கொஞ்சம் தேற்றியவர்களும் உண்டு.

கடைசித் தாக்குதல் சீர்திருத்த காலத்தில் வந்தது விந்தைதான். உழைக்காமல் வரும் வருமானத்தை ஒடுக்க 1986 மே மாதம் ஆணை பிறந்தது. குறி லஞ்சக்காரர்களும் கள்ளவணிகர்களும். ஆனால் வோல்கோகிராட் வட்டாரத்தில் அதிகாரிகள் கைவைத்தது தக்காளி வளர்த்த வீட்டுப் பசுமைக்குடில்களில். பிளாஸ்டிக் உறைகள் கிழிக்கப்பட்டன, சந்தைக்குப் போன வண்டிகள் வழிமறிக்கப்பட்டன. வைகறையில் எழுந்து தக்காளிக்குத் தண்ணீர் விட்டவர் உழைக்காதவர் ஆனார். பத்திரிகைகள் அம்பலப்படுத்தியதும் ஆணை தளர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் தனிநபர் தொழிலை அனுமதிக்கும் சட்டம் வந்தது.

1991இல் ஒன்றியம் கலைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ரஷ்யாவில் பல இடங்களில் சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை, பண்ணைகள் திவாலாயின. மக்கள் கொல்லைக்கே திரும்பினார்கள். 1990களின் இறுதியில் நாட்டின் வேளாண் உற்பத்தியில் பாதிக்கு மேலும் உருளைக்கிழங்கில் சுமார் 90 சதவீதமும் வீட்டுத் தோட்டங்களில் விளைந்தன. ஓய்வூதியத்தில் வாழ முடியாத கிழவிகள் சுரங்க ரயில் நிலைய வாசலில் வாளிகளோடு நின்ற காட்சி அந்தப் பத்தாண்டின் அடையாளமானது.

2003 ஜூலையில் ரஷ்யா வீட்டுத் துணை வேளாண்மைக்குத் தனிச் சட்டம் இயற்றியது. கொல்லையில் விளைந்ததை விற்பது வணிகமாகக் கருதப்படாது என்று அதில் எழுதப்பட்டது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த வருமானத்துக்கு வருமான வரியும் கிடையாது. விற்பவருக்குச் சட்டம் முழுமையாகத் துணை நிற்கும் இந்தக் காலத்தில் விற்பவர் குறைந்துவருகிறார்கள். இளையவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். பெருங்கடைகள் சிற்றூர்வரை வந்துவிட்டன. 2007இல் பரவத் தொடங்கிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பல வட்டாரங்களில் வீட்டுப் பன்றி வளர்ப்பையே முடித்துவைத்தது. 2010களின் இறுதியில் வேளாண் உற்பத்தியில் வீட்டுத் தோட்டங்களின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. உருளைக்கிழங்கில் மட்டும் பாதிக்கு மேல் அப்போதும் கொல்லையிலிருந்தே வந்தது.